சென்ட்ரிங் இல்லாமல் ஒரு கூரை



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். சிவில்காரன் என்றால் விசுவேசுவரய்யா, பென்னிகுயிக் என்று எழுதுவதுதான் வழக்கம். நம்ம சீனியர்கள் அவர்களைப் பற்றி எழுதாததை நான் என்ன புதுசாக எழுதிவிடப் போகிறேன்? அதனால் எகிப்து நாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். பெயர் ஹசன் ஃபாத்தி. கட்டடக்கலை நிபுணர். களிமண்ணையும் வைக்கோலையும் வைத்துக்கொண்டு, ஒரு துண்டு மரமோ கம்பியோ இல்லாமல் வீட்டுக்குக் கூரை போட்டுக் காட்டியவர். கூரை நின்றது. ஆனால் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஊருக்குக் குடிவர ஆட்கள் மறுத்துவிட்டார்கள்! இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹசன் ஃபாத்தி 1900-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி அலெக்சாந்திரியா நகரில் பிறந்தார். வசதியான குடும்பம். கிராமத்தில் நிலபுலன் இருந்தது. ஆனால் அப்பாவுக்குக் கிராமமென்றாலே கொசுவும் ஈயும் கெட்ட தண்ணீரும்தான் ஞாபகம் வருமாம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விட்டதில்லை. அம்மா நேர்மாறு. சின்ன வயசில் கிராமத்தில் இருந்தவர். ஆட்டுக்குட்டி, புறா என்று அவர் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டே பையனுக்குக் கிராமத்தின் மேல் ஓர் ஆசை வந்துவிட்டது. கண்ணால் பார்க்காத இடத்தின் மேல் வந்த ஆசை!

அந்த ஆசையில் விவசாயப் படிப்பில் சேரப் போனார். வயலை அவர் பார்த்ததெல்லாம் ரயில் ஜன்னல் வழியாகத்தான். மக்காச்சோளம் விளைய எவ்வளவு நாளாகும் என்று நேர்முகத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் என்றிருக்கிறார். ஏழாக இருக்காதா என்று அவர்கள் இழுக்க, இருக்கலாம் என்று இவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அது எழுபது நாள் பயிர்! இந்தக் கதையைப் பிற்பாடு தம் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் என்ன, பொறியியல் பக்கம் வந்து கட்டடக்கலை படித்தார். 1926-ல் கெய்ரோவில் பட்டம். 1930-ல் அங்கேயே நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியர் வேலை.

படிப்பு முடிந்த பிறகுதான் குடும்பத்துப் பண்ணை ஒன்றை முதன்முதலாகப் போய்ப் பார்த்தார். அம்மா சொன்ன கதை ஒன்று, கண்ணெதிரே இருந்தது வேறொன்று. பண்ணையாட்களின் குடிசைகள் தாழ்வாக, இருட்டாக, அழுக்காக இருந்தன. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்காததால் வந்த கேடு இது என்று அவருக்குப் பட்டது. அந்தச் சொந்தக்காரர்களில் தம் அப்பாவும் ஒருவர் என்பது உறைத்தது. அன்றிலிருந்து ஏழை விவசாயியின் வீடு என்பதே அவருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நம்ம பாடத்தைத் தொட்டுக்கொள்வோம். எகிப்துக் கிராமத்தில் மண்ணுக்குப் பஞ்சமே கிடையாது. நைல் நதி வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய வண்டல். அதில் கொஞ்சம் மணலும் வைக்கோலும் கலந்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தால் பச்சைச் செங்கல் தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். சுவர் எழுப்புவது விவசாயிக்குக் கிட்டத்தட்ட இலவசம். மாட்டிக்கொள்வது எங்கே? கூரையில்! மண்ணுக்கு அமுக்குவதைத் தாங்கத் தெரியும், இழுப்பதைத் தாங்கத் தெரியாது. தட்டையான கூரை என்றால் பெண்டிங் வரும், பெண்டிங் வந்தால் அடிப்பக்கம் டென்ஷன் வரும். ஆர்.சி.சி. என்றால் அந்த டென்ஷனுக்குக் கம்பி போடுகிறோம், அந்தக் காலத்தில் மர உத்தரம் போட்டார்கள். எகிப்தில் காடு ஏது? உத்தரத்துக்கு ஏற்ற மரம் கப்பலில் வரவேண்டும். அதை வாங்க ஏழையிடம் காசு ஏது? தட்டைகளைப் பரப்பி மூடிக்கொள்வான். ஆக, ஏழையை நல்ல வீட்டிலிருந்து பிரித்து வைத்தது ஒரே ஒரு சாமான், கூரை மரம்.

1937-ல் மண் வீடுகளுக்கான வரைபடங்களை மன்சூராவிலும் கெய்ரோவிலும் கண்காட்சியாக வைத்தார் ஃபாத்தி. பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய், சிலர் வேலை கொடுத்தார்கள். அப்போது அவர் வரைந்த வீடுகளுக்கும் மரக் கூரைதான். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. மரமும் இரும்பும் எகிப்துக்கு வருவது நின்றுபோயிற்று. ராயல் விவசாயச் சங்கத்துக்காக பஹ்தீம் என்ற இடத்தில் பண்ணை வீடுகள் கட்டும் பொறுப்பு அவரிடம் இருந்தது. கையில் மண் கல் இருக்கிறது, கூரைக்கு ஒன்றுமில்லை. பழைய எகிப்தியர்கள் செங்கல்லாலேயே வளைவுக் கூரை கட்டினார்களே, நாமும் கட்டினால் என்ன என்று இறங்கினார். வளைவுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கச் சென்ட்ரிங் வேண்டும். சென்ட்ரிங்குக்கு மரம் வேண்டும். மரம்தான் இல்லையே! தெரிந்த வழியிலெல்லாம் கட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாய் இடிந்து விழுந்தது.

அந்தச் சமயத்தில் அவருடைய அண்ணன் அஸ்வான் அணையில் பொறுப்பான வேலையில் இருந்தார். அங்கே நூபியா பக்கத்துக் கொத்தனார்கள் எந்த முட்டும் கொடுக்காமல், அந்தரத்திலேயே மண் கல்லால் கூரை கட்டுகிறார்கள் என்ற செய்தியைத் தம்பிக்குச் சொன்னது அவர்தான். 1941 பிப்ரவரியில் ஃபாத்தி தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தெற்கே ரயிலேறினார். அஸ்வான் டவுனில் ஒன்றும் காணோம். நைலுக்கு அக்கரையில் கர்ப் அஸ்வான் என்ற கிராமத்துக்குப் போனார்கள். வீடு வீடாக மண் வளைவுக் கூரை! சுத்தமாக, அழகாக, ஒரு வீடு போல் இன்னொரு வீடு இல்லாமல். பக்கத்திலேயே பல நூற்றாண்டு பழைய சிமியோன் மடாலயம். அதுவும் மண் கல் வளைவு. திரும்பும் வழியில் லக்சரில் ராமசேயம் கோயிலையொட்டிய தானியக் கிடங்குகளைப் பார்த்தார்கள். இரண்டாம் ராம்செஸ் காலத்தவை. ஏறக்குறைய 3,200 வருஷத்து மண் கல் வளைவுகள் இன்னும் நிற்கின்றன! கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிற கல்லூரி ஆசிரியருக்கு, சொந்த நாட்டில் 3,000 வருஷமாக இருந்துவரும் வித்தை அன்றுவரை தெரியாது. எந்தக் கல்லூரிப் பாடத்திலும் அது இல்லை. படிப்பறிவில்லாத கொத்தனார்கள் கையில் மட்டும் இருந்தது.

மறுபடியும் போய்க் கொத்தனார்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். அவர்களில் போக்தாதி அகமது அலி என்ற மேஸ்திரியின் பெயரை ஃபாத்தி தம் புத்தகத்தில் மரியாதையோடு பதிவு செய்திருக்கிறார். அவர்கள் கட்டிய விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், கேளுங்கள். நான் காகிதத்தில் படம் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

மூன்று மீட்டர் அகல அறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சுவரும் ஒரே உயரம். பின்சுவர் மட்டும் இன்னும் உயரமாக எழும்பி நிற்கும். பக்கச் சுவர்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் இரண்டு கொத்தனார்கள் ஏறி நிற்கிறார்கள். பின்சுவரில் குழைத்த மண்ணை அப்பி, அதிலேயே வில் போன்ற வளைவை வரைகிறார்கள். காம்பஸ் கிடையாது, நூல் கிடையாது. கண்பார்வைதான். ஆளுக்கொரு பக்கமாக வரைந்து உச்சியில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு வாச்சியால் செதுக்கிச் சீராக்குகிறார்கள். அந்த வளைவு பரவளைய வடிவம். ஒரு சங்கிலியை இரண்டு கையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் வருமே, ஏறக்குறைய அதைத் தலைகீழாகக் கவிழ்த்தது. சங்கிலியில் முழுக்க இழுவிசை மட்டும். கவிழ்த்தால் முழுக்க அமுக்கவிசை மட்டும். பெண்டிங் இல்லை, டென்ஷன் இல்லை. மண்ணுக்குத் தெரிந்த ஒரே வேலையை மட்டும் அதற்குக் கொடுக்கிற வளைவு அது. பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டு எடுக்கும் வளைவைக் கொத்தனார் கண்ணாலேயே எடுத்துவிட்டார்.

சரி, கல் எப்படி அந்தரத்தில் நிற்கிறது? இதற்கென்றே தனிக் கல். 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனம். வைக்கோல் கூடுதலாகப் போட்டு எடையைக் குறைத்திருப்பார்கள். ஈரமாக இருக்கும்போதே விரலால் அகன்ற முகத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள். அந்தப் பள்ளம்தான் ரகசியம். ஈரக் குழம்பில் வைத்து அழுத்தியதும் கல் கப்பென்று கவ்விக்கொள்ளும். முதல் கல்லைப் பக்கச் சுவரின் மேல் நிமிர்த்தி, பின்சுவரில் சாய்த்து ஒட்டுவார்கள். அடியில் மண்ணை ஆப்பு மாதிரி வைத்து, அடுத்தடுத்த வரிசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும்படி செய்வார்கள். ஒரு வளையம் முடிந்ததும் அதன் மேல் சாய்ந்து அடுத்த வளையம். ஒவ்வொரு கல்லும் தனக்குப் பின்னால் உள்ள கல் மீது படுத்திருப்பதால் கீழே விழ அதற்கு வழியில்லை. வளையம் பூர்த்தியானதும் அது தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிப்பக்கம் வரும் இடைவெளியில் ஓட்டுச் சில்லுகளைச் செருகி இறுக்குவார்கள். இப்படி வளையம் வளையமாக முன்னால் நகர்ந்து வந்தால், ஒன்றரை நாளில் அறைக்குக் கூரை முடிந்துவிடும்! செலவு? மண், வைக்கோல், இரண்டு பேர் கூலி.

சதுர அறைக்கு இதே கையால் கும்மட்டமும் கட்டினார்கள். ஃபாத்திக்கு இதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. ஏழையின் கூரைப் பிரச்னை தீர்ந்தது என்றே நினைத்தார்.

அந்த நினைப்பைச் சோதித்துப் பார்க்கச் சீக்கிரமே பெரிய சந்தர்ப்பம் வந்தது. லக்சருக்கு எதிர்க்கரையில், பழைய தீப்ஸ் நகரத்துப் பிரபுக்களின் கல்லறைகள் மேலேயே குர்னா என்ற ஊர் இருந்தது. சுமார் 7,000 பேர். சில வீடுகளுக்குக் கல்லறையே பின்கட்டு. அகழ்வாராய்ச்சிக்காரர்களிடம் கூலி வேலை, டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டுவது, புராதனப் பொருள் என்று போலி செய்து விற்பது, நிஜமாகவே தோண்டி விற்பது எனப் பிழைப்பு முழுக்கக் கல்லறையைச் சுற்றித்தான். ஒரு சமயம், பட்டியலிடப்பட்ட கல்லறையிலிருந்து பாறைச் சிற்பம் ஒன்றையே முழுசாகப் பெயர்த்துத் திருடிவிட்டார்கள். பெரிய கூச்சலாகி, ஊரையே காலி செய்து சமவெளிக்கு மாற்றுவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. 1945-ல் தொல்பொருள் துறை புது ஊர் கட்டும் வேலையை ஃபாத்தியிடம் ஒப்படைத்தது. 50 ஏக்கர் நிலம்.

அவர் மற்ற அதிகாரிகள் மாதிரி ஒரே வரைபடத்தை 900 தடவை நகல் எடுக்கவில்லை. ஒரு வம்சத்து வீடுகள் ஒரு சின்னச் சதுக்கத்தைச் சுற்றி வருகிற மாதிரி தெருக்களை அமைத்தார். ஒரு வீடு போல் இன்னொன்று இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதம். நூபியக் கொத்தனார்களை வரவழைத்து, ஊர் இளைஞர்களுக்கு வேலையிலேயே பயிற்சி கொடுக்க வைத்தார். கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தை வீணாக விடாமல் ஏரியாக்கி, வாய்க்காலில் குளித்துப் பிள்ளைகளுக்கு வருகிற பில்ஹார்சியா நோயைத் தடுக்கத் திட்டம் போட்டார். மசூதி, சந்தை, நாடக அரங்கு, கைத்தொழில் கூடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பள்ளி, எல்லாம் மண் கல்.

உள் அலங்காரம் என்று நாம் தனியாகச் சாமான் வாங்கிப் போடுகிறோமே, அவர் அதையும் மண்ணிலேயே முடித்தார். திண்ணை, மாடம், இருக்கை எல்லாம் சுவரோடு சேர்ந்தவை. ஜன்னலுக்குப் பதில் பல இடங்களில் மண் கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி. கண்ணைக் கூசும் வெயில் வடிகட்டப்பட்டு உள்ளே வரும், காற்றும் வரும். குளிருக்கு ஆஸ்திரிய நாட்டுக் கிராமங்களில் உள்ள கனப்பு அடுப்பின் அமைப்பை எடுத்து, அதையும் மண்ணில் செய்ய வழி கண்டார். ஆண்கள் பள்ளியில் மல்கஃப் வைத்தார். மல்கஃப் என்றால் கூரைக்கு மேலே வாய் திறந்து நிற்கும் காற்றுப்பிடி. மேலே அடிக்கிற காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். அந்தப் பாதையில் ஈரக் கரியை வைத்தார். காற்று அதன் வழியாக இறங்கும்போது ஈரம் ஆவியாகிக் காற்று குளிரும். சுமார் 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் கிடைத்தது. கரண்ட் இல்லாத ஏர்கூலர்!

ஆனால் ஊர் எழும்பவில்லை. பணம் நேரத்துக்கு வரவில்லை. கோப்பு நகரவில்லை. திட்டம் துறை விட்டுத் துறை மாறியது. அதைவிடப் பெரிய அடி ஊர்க்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு இடம் மாற இஷ்டமே இல்லை. ஒரு ராத்திரி யாரோ கரையை வெட்டிவிட, தண்ணீர் புது ஊருக்குள் புகுந்தது. அது குர்னாக்காரர்கள் வேலைதான் என்று ஃபாத்தி எழுதியிருக்கிறார். 1940-களின் கடைசியில் வேலை நின்றது. திட்டமிட்ட 900 வீடுகளில் எழும்பியது சுமார் 130. அவற்றிலும் பல வெகுகாலம் காலியாகக் கிடந்தன.

இந்த இடத்தில் ஃபாத்தியை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஊர்க்காரர்கள் நன்றி கெட்டவர்கள், திருடர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பிழைப்பு மேட்டில், வீடு பள்ளத்தில் என்றால் யார் போவார்கள்? வீட்டின் பிளான் எப்படி வேண்டும் என்று ஃபாத்தி கேட்டார். அந்த ஊரை விட்டு வரச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கும்மட்டம் என்றால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சமாதி ஞாபகம் வரும் என்பதும் அடிக்கடி சொல்லப்படும் காரணம். பையனுக்குக் கல்யாணமானால் மாடி எடுக்க வேண்டும், கும்மட்டத்தின் மேல் எப்படி மாடி எடுப்பது? இன்னொன்று. வீட்டுக்கு வீடு குழாய் வேண்டாம், பெண்கள் குடம் எடுத்துப் போய்ப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கட்டும், அதுதான் அவர்கள் வெளியே வந்து பழக ஒரே சந்தர்ப்பம் என்று நினைத்தார் ஃபாத்தி. நல்ல எண்ணம்தான். ஆனால் குடம் சுமக்கிறவர் அவர் இல்லையே! நம்ம கிளாஸ் தோழியர் ஒருத்தரைக் கேட்டிருந்தால் அப்பவே பதில் சொல்லியிருப்பார்.

மனம் வெறுத்த ஃபாத்தி 1957-ல் ஏதென்ஸ் போய், டோக்சியாடிஸ் என்ற கிரேக்கக் கட்டடக்கலை நிபுணரின் நிறுவனத்தில் சேர்ந்தார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். வந்த பிறகு நடந்த ஒரு சோதனை நம்ம மாதிரி ஆட்கள் மனப்பாடம் செய்யவேண்டிய விஷயம். 1964-ல் கெய்ரோ கட்டட ஆய்வு மையத்தின் வளாகத்தில் வெவ்வேறு பொருள்களால் ஆறு மாதிரி அறைகள் கட்டி வெப்பநிலையை அளந்தார்கள். அதில் ஒன்று மண் கல் சுவரும் மண் கல் வளைவுக் கூரையும், 50 செ.மீ. கனம். இன்னொன்று 10 செ.மீ. கனத்தில் ரெடிமேட் கான்கிரீட் பலகைகள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் முழுக்க அளந்ததில், மண் அறைக்குள் 21-லிருந்து 23 டிகிரிக்குள்ளேயே நின்றது. 24 மணி நேரத்தில் மொத்த மாற்றம் 2 டிகிரி! கான்கிரீட் அறை உச்சத்தில் 36 டிகிரி. வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம். அதாவது அந்த வீட்டுக்குள் இருப்பதைவிடத் தெருவில் நிற்பது மேல்.

காரணம் ரொம்ப எளிது. கனமான மண் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாக வாங்கிக்கொள்ளும். அது உள்பக்கம் வந்து சேருவதற்குள் ராத்திரி ஆகிவிடும். மெல்லிய கான்கிரீட் அப்போதைக்கப்போதே உள்ளே கடத்திவிடும். கான்கிரீட்டையும் 50 செ.மீ. போட்டால் இவ்வளவு மோசமாக இருக்காதுதான். ஆனால் அந்தக் கனத்துக்குக் கான்கிரீட் போட யாரால் முடியும்? மண்ணில் முடியும், அதுதான் விஷயம்.

அதே சமயம் நாட்டின் தெற்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அஸ்வான் உயர் அணைக்காக 1963, 64-ல் நூபியர்களை ஊர் ஊராகக் கிளப்பி, வடக்கே கோம் ஓம்போ பக்கம் வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். வளைவுக் கூரைக் கிராமங்கள் பல தண்ணீருக்கடியில் போயின. அணை வேலையிலிருந்த அண்ணன் மூலமாகத்தான் ஃபாத்திக்கு அந்த வித்தையே தெரியவந்தது, அணையால்தான் அந்தக் கிராமங்கள் முழுகின என்பதை நினைத்தால் எனக்கு என்னமோ போலிருக்கிறது.

அறுபதுகளில் அவருக்கு இன்னொரு வாய்ப்பு. மேற்குப் பாலைவனத்தில் கார்கா பாலைவனச் சோலையில் தண்ணீர் கிடைத்ததையொட்டி, புது பாரிஸ் என்ற ஊர் கட்டச் சொன்னார்கள். பிரான்ஸ் பாரிஸ் இல்லை, இது பாலைவனப் பாரிஸ்! கொளுத்துகிற வெயிலில் காய்கறி கெடாமல் வைக்க, சந்தைக்கு அடியில் நிலவறைகள், மேலே வரிசையாகக் காற்றுப்பிடிகள். சந்தை எழும்பியது. 1967-ல் இஸ்ரேலோடு போர் மூண்டது, வேலை அப்படியே நின்றது. பிறகு தொடரவில்லை. குர்னாவில் ஜனங்கள் வரவில்லை, இங்கே ஜனங்களுக்கு வீடே வரவில்லை.

இரண்டு ஊர் கட்டப் போய் இரண்டும் பாதியில் நின்ற மனிதர் எப்படி உலகப் புகழ் பெற்றார்? எழுத்தால். குர்னா அனுபவத்தை நடந்தது நடந்தபடி, தம் ஆத்திரத்தையும் மறைக்காமல் புத்தகமாக எழுதினார். 1969-ல் எகிப்துக் கலாசார அமைச்சகம் கொஞ்சம் பிரதிகள் போட்டது. 1973-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதையே 'ஏழைகளுக்கான கட்டடக்கலை' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. அதே வருஷம் எண்ணெய் நெருக்கடி வந்து, ஏ.சி.யும் கண்ணாடியும் இல்லாமல் கட்டடம் கட்ட முடியாதா என்று மேல்நாட்டார் யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். புத்தகம் பிடித்துக்கொண்டது. 1980-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது முதன்முதலாக அவருக்கு. அதே ஆண்டு, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் முதல் வருஷத்திலேயே அவருக்கு. 1984-ல் உலகக் கட்டடக்கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கம். அப்போது வயது 84. எண்பது வயசில் நூபியக் கொத்தனார்களோடு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குப் போய், அபிகியூ என்ற இடத்தில் மண் கல் மசூதி கட்ட வழிகாட்டினார். அமெரிக்கக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க, சென்ட்ரிங் இல்லாத கூரை அங்கேயும் எழும்பியது.

சொந்த வாழ்க்கையில் படாடோபம் கிடையாது. பழைய கெய்ரோவில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு புராதன வீட்டின் மேல்மாடியில் பூனைகளோடு வாழ்ந்தார். 1989 நவம்பர் 30-ல் காலமானார்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய குர்னா வீடுகளை 2006-லிருந்து அரசாங்கம் இடித்து, ஜனங்களை வேறொரு புது இடத்துக்கு மாற்றியது. ஃபாத்தி கட்டிய குர்னாவில் பிற்பாடு ஆட்கள் குடியேறினார்கள். குடும்பம் பெருகியதும் பலர் மண் வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட்டும் சுட்ட செங்கல்லுமாக மாடி எடுத்தார்கள். நிலத்தடி நீர் மேலே ஏறி, உப்பு சுவரை அரித்தது. அடித்தளத்துக்குத் தண்ணீர்த் தடை இல்லாத மண் சுவரின் பலவீனம் அது, மறைப்பதற்கில்லை. 2010-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் இந்த ஊரை ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவின் முயற்சியோடு மசூதி, அரங்கு போன்ற பொதுக் கட்டடங்களைச் செப்பனிடும் வேலை நடந்தது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். உயர் அணை வந்த பிறகு நைல் வண்டல் வயலுக்கு வருவது நின்றுவிட்டது. இருக்கிற மேல்மண்ணைச் செங்கல்லுக்குச் சுரண்டினால் விவசாயம் போய்விடும் என்று 1980-களில் எகிப்து அதற்குச் சட்டத்தால் தடை போட்டது. ஆக மண் வீடு என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எந்த மண், எங்கே தோண்டியது, தோண்டிய பள்ளம் என்னாயிற்று என்று கேட்க வேண்டியிருக்கிறது. சிமெண்ட் பக்கம் பார்த்தாலோ, உலகத்தில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் அதன் உற்பத்தியிலிருந்து வருகிறது.

நம்ம பக்கத்துக்கும் ஃபாத்திக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் 1989-ல், ஃபாத்தி மறைந்த அதே வருஷம், ஹட்கோ ஆதரவில் மண் கட்டடங்களுக்கான ஒரு மையம் தொடங்கியது. இப்போது ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் என்று பெயர். அங்கே மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் மட்டும் கலந்து, கையால் இயக்கும் பிரஸ்ஸில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை கிடையாது. மழைக்கும் ஈரத்துக்கும் பச்சை மண் கல்லைவிட நன்றாகவே நிற்கும். அந்தக் கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதே கிடைத்தது. நூபியக் கூரை முறையை அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதிலிருந்து வளர்த்தெடுத்த முறையில் பெரிய அகலங்களையும் மூடியிருக்கிறார்கள். தீபாநாம் பள்ளியின் வளைவுக் கூரையின் அகலம் 10.35 மீட்டர். அஸ்வான் கொத்தனாரின் மூன்று மீட்டர் அறை போல மூன்று பங்குக்கும் மேல்!

அடுத்த இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு எங்கே போகலாம் என்று ஹெச்.ஓ.டி. சார் கேட்டால், நான் கையைத் தூக்கிச் சொல்லப்போகும் இடம் அதுதான். போனால் வளைவுக் கூரை உள்ள ஏதாவது ஓர் அறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். கல் வரிசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கவனித்தால், கொத்தனார் எந்தச் சுவரிலிருந்து ஆரம்பித்தார் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.